முட்டையுரு: ஒரு சொல்லாய்வு

வடிவத்தைக் குறிக்கும் சொற்களை இருவகையாகப் பகுத்தல் கூடும். வட்டம், சதுரம், கோணம் என்றாற்போலத் தமக்கெனவே பெயர் பெற்று நிற்பன ஒருவகை. பிறை, வேல், துடி என யாதேனும் ஒரு பொருளின் பெயரை இரவலாகப் பெற்று நிற்பன மற்றொருவகை. முன்னையவற்றை வரைவிலக்கணத்தால் உணர்த்தலாம். பின்னையவற்றை உணர்தற்கு அப்பொருளை முன்னரே கண்டிருத்தல் வேண்டும். பிறையைக் காணாதவனுக்குப் பிறைநுதல் விளங்காது. துடியைக் காணாதவனுக்குத் துடியிடை விளங்காது. இப்பின்னைய வகையைச் சார்ந்ததே 'முட்டையுரு' அல்லது 'முட்டை வடிவம்' என்னுந் தொடர். முட்டையைக் காணாதார் உலகில் இலர் ஆதலின், இத்தொடரிற் பொருள்மயக்கம் எதுவும் நேராது என எவரும் எண்ணுவர். நேர்ந்திருப்பதோ அதற்கு மாறானது.

தமிழில் எழுந்த கணித, விஞ்ஞான, பூமிசாத்திர நூல்கள் பலவற்றில் முட்டை வடிவம், நீள்வட்டம், நீள்வளையம் என்னும் மூன்றும் ஒரு பொருட்பன்மொழிகளாகவே பயின்று வருகின்றன. கோள்கள் ஞாயிற்றை முட்டை வடிவப் பாதையிற் சுற்றுகின்றன என்று ஒரு பக்கத்திலும், அப்பாதை நீள்வளையம் என்று மறுபக்கத்திலும் படிக்கின்ற மாணவன், கோழிமுட்டை ஒன்றை மனத்திற் கொண்டு படம் வரைகின்றான். ஞாயிற்றை அதன் நட்டநடுவில் வைக்கின்றான். அவன் பிழை அவனுடையதன்று, சொல்லினுடையது. அச்சொல் எங்ஙனம் பிறந்தது, அதன் பொருள் எவ்வளவு, அது எங்கே வழுக்கியது என்பன ஆராயற்பாலன.

மயக்கம் தமிழிலே தொடங்கியதன்று. ஆங்கிலத்திலிருந்து வந்த 'ஓவல்' என்னுஞ் சொல்லோடு கூடவே வந்தது. இலத்தீன் மொழியில் முட்டைக்குப் பெயர் 'ஓவும்'. அதனடியாக முட்டை போன்றது என்னும் பொருளில் எழுந்ததே ஓவல். கிரேக்கர் முட்டையை 'ஓயொன்' என்பர். செருமானியர் 'ஐ' என்பர். இவை யாவும் ஒரு மூலத்தின் கிளைகள். அம்மூலம், பறவையைக் குறிக்கும் பழஞ்சொல்லோடு தொடர்புடையது என்பது மொழிநூலார் பலரின் கருத்து. இலத்தீனிற் பறவைக்கு 'ஆவிஸ்' என்றும், வடமொழியில் 'வி' என்றும் வழங்குவன அப்பழஞ்சொல்லின் வழிவந்தனவே. இக்கருத்துப் பொருந்துமாயின், ஐரோப்பிய மொழிகளின் முட்டைச் சொல்லுக்குள்ளே பறவை ஒன்று உறைகின்றது எனலாம். ஓவல் என்றவுடன் அவர்கள் மனத்தில் தோன்றுவது, ஒருமுனை பருத்து ஒருமுனை சிறுத்த பறவை முட்டையே.

ஆயினும் அம்மொழியாரே அப்பொருளை நிலைநிறுத்தினாரல்லர். இலண்டனில் 1845 ஆம் ஆண்டு தொடக்கம் துடுப்பாட்டக் களமாக விளங்கும் ஓவல், தன்னைச் சூழ்ந்த வீதியின் வளைந்த அமைப்பினாற் பெயர்பெற்றது. அப்பெயரின் புகழ் கடல்கடந்து சென்றது. அவுத்திரேலியாவில் எந்த விளையாட்டுத் திடலையும் ஓவல் என்றே வழங்கலாயினர். கொழும்பில் தமிழ் யூனியன் கழகத்தாரின் மைதானமும் கொழும்பு ஓவல் எனவே வழங்கிற்று, பின்னர் பி. சரவணமுத்து அரங்கு எனப் பெயர்மாறிய அக்களத்திலேதான் 1982 ஆம் ஆண்டில் இலங்கை தன் முதலாவது டெஸ்ற் போட்டியை ஆடியது. இக்களங்களுள் எதனையும் அளந்து, இம்முனை பருத்தது அம்முனை சிறுத்தது எனக் காட்ட முயல்வார் யாருமிலர். இங்கே முட்டை மறைந்துவிட்டது. நீண்டு வளைந்தது என்னும் பொதுப்பொருளே எஞ்சிற்று. ஓட்டம் எதுவும் பெறாது ஆட்டமிழந்தவன் பெறும் 'வாத்து' மட்டும் அதே களத்தில் முட்டையின் நினைவைக் காத்து நிற்கின்றது. வாத்து முட்டை என்பதன் சுருக்கம் அது. சுழியத்தின் உருவை நோக்கி இட்ட பெயர். பரீட்சையிற் 'முட்டை வாங்கினான்' என்னும் நம் மாணவர் வழக்கும் அத்தகையதே.

இனித் தமிழின்கண் முட்டை என்னுஞ் சொல்லை நோக்குவோமாயின், அதனுள்ளே பறவை இல்லை என்பது முதலிற் புலப்படும்.

அகநானூற்றின் 160 ஆம் பாட்டு நெய்தல் நிலத்துக் காட்சி ஒன்றைக் காட்டுகின்றது. நிறைசூல் கொண்ட ஆமை அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் முட்டையிட்டுப் புதைக்கின்றது. அம்முட்டைக்குப் புலவர் கூறும் உவமை, யானைக் கொம்பினாற் கடைந்த வட்டு. வட்டு என்பது சூதாடு கருவி, உருண்டது. கடலாமையின் முட்டையும் பந்துபோல் உருண்டதே. கடற்கரையிற் பிறந்தார்க்கு இவ்வுவமையின் நுட்பம் சொல்லாமலே விளங்கும். வெண்மை, உருட்சி, அளவு என்னும் மூன்றும் ஒருங்கே பொருந்த அமைந்த உவமை அது. கோழிமுட்டையை மனத்திற் கொண்டு அப்பாட்டைப் படிப்பவனோ, வட்டு எங்ஙனம் உவமையாயிற்று என மயங்குவான்.

மற்றொரு பாட்டு, புறநானூற்றின் 173 ஆவது. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் சிறுகுடிகிழான் பண்ணனைப் பாடியது. மழைக்காலத்தில் முட்டையைச் சுமந்துகொண்டு மேட்டுநிலம் நோக்கி நிரைநிரையாகச் செல்லும் எறும்புகளை, சோற்றுத்திரளைக் கையிலேந்தி வரிசையாகச் செல்லும் சிறுவர்க்கு உவமையாக்குகின்றான் அவ்வரசன். எறும்பு சுமப்பது அரிசிபோல் நீண்டது. (அவ்வாறு சுமக்கப்படுவனவற்றுட் பல முட்டையல்ல, கூட்டுப்புழுக்களே என்று விலங்கியலார் கூறுவர். அரசனைக் குறைகூற அது போதாது. மக்கள் இன்றும் அவற்றை எறும்பு முட்டை என்றே வழங்குகின்றனர்.) ஆகவே, சங்கத் தொகைகளுக்குள்ளேயே ஒருகால் பந்துபோல் உருண்டதும், ஒருகால் அரிசிபோல் நீண்டதும் முட்டை எனப்பட்டன. முட்டை என்பது தமிழில் ஒரு பொருளின் பெயர், வடிவின் பெயரன்று.

தொல்காப்பியர் மரபியலிற் செய்த பகுப்பும் இதனோடு ஒட்டியதே. பார்ப்பு, பிள்ளை என்னும் இளமைப் பெயர்களைப் பறப்பனவற்றுக்கு உரியனவாகக் கூறியவர், தவழ்வனவற்றுக்கும் அவற்றையே உடன்படுகின்றார். பறவையும் ஆமையும் முதலையும் இங்கே ஓரினமாக வைத்து எண்ணப்பட்டன. முட்டையிலிருந்து வெளிப்படுதல் என்னும் ஒப்புமையே இதற்கு அடிப்படையாயிருத்தல் கூடும்.

இயற்கையும் தமிழ்ச்சொல்லின் பக்கமே நிற்கின்றது. ஆந்தையின் முட்டை ஏறக்குறைய உருண்டை. கரையோரப் பறவைகள் பலவற்றின் முட்டை ஒருமுனை கூர்ந்தது. முதலையின் முட்டை இருமுனையும் ஒத்து நீண்டது. பல்லிமுட்டையோ சிறுமணிபோன்றது, கோயில் திருவிழாக் கடைகளிற் சிறுவர் விரும்பி வாங்கும் இனிப்பொன்று அதன் பெயரையே தாங்கி நிற்கின்றது. 2017 ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வொன்று, ஏறத்தாழ 1,400 பறவையினங்களின் 49,000 க்கு மேற்பட்ட முட்டைகளை அளந்தது. முட்டையின் நீட்சியும் கூர்மையும் அவ்வப் பறவையினத்தின் பறத்தல் திறனோடு தொடர்புறுவதைக் காட்டிற்று. 2021 ஆம் ஆண்டில், எல்லாப் பறவை முட்டைகளையும் அடக்கும் கணிதச் சூத்திரம் ஒன்றை வெளியிட்ட ஆய்வாளர், முட்டை வடிவங்களை உருண்டை, இருமுனையும் ஒத்த நீளுருண்டை, ஒருமுனை சிறுத்தது, பேரிக்காய் போன்றது என நான்காக எடுத்துக்கொண்டனர். பறவைகளுக்குள்ளேயே நான்கு! முட்டை வடிவம் என்று வாளா கூறினால், 'எம்முட்டை?' என்னும் வினா எழுந்தே தீரும்.

முட்டை என்னுஞ் சொல்லின் பிறப்பைப் பற்றியும் சிறிது கூறுதல் தகும். மலையாளத்தில் 'முட்ட' எனவும், கன்னடத்தில் 'மொட்டெ' எனவும் இச்சொல் வழங்குகின்றது. தெலுங்கர் மட்டும் 'குட்டு' என வேறொரு சொல்லை வழங்குவர். கண்ணின் விழியையும் அச்சொல்லாலேயே குறிப்பர். ஓடு மோதிக் குஞ்சு வெளிப்படுவதால், முட்டுதல் என்னும் வினையிலிருந்து முட்டை பிறந்தது என உரைப்பாருளர். கேட்பதற்கு இனிய விளக்கமே. எனினும், முட்டையைக் கண்டு பெயரிட்ட முன்னோர் பெரும்பாலும் அதனை உண்ணவே எடுத்தனர். குஞ்சு முட்டும்வரை காத்திருந்து பெயரிட்டனர் எனக் கொள்ளுதல் சற்று மிகை. மொட்டு, மொட்டை, முட்டு என வரும் சொற்களோடு இதனை வைத்து, திரண்டு மழுங்கியது என்னும் பொருள் காண்பார் கூற்று இதனினும் ஏற்புடைத்து. யாழ்ப்பாணத்திற் கள்ளிறக்குவோர் பனையிற் கட்டும் முட்டியும் இவ்வினத்ததே எனத் தோன்றும். ஆனால் ஒலி ஒப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு செல்லுதல் இடர்தரும். மடக்கிய கையைக் குறிக்கும் முட்டி வடமொழி 'முஷ்டி'யின் வழியது என்பர். ஒரே ஒலியுடைய இரு சொற்கள் இருவேறு குடியினவாய் இருத்தல் கூடும் என்பதற்கு இது சான்று.

வடிவத்தை வேராகக் கொண்டு முட்டையைச் சுட்டிய சொல் தமிழிற் பிறிதொன்று உண்டு, அது குடம்பை. உடம்பை விட்டு உயிர் நீங்குதலைக் கூறும் 338 ஆம் குறளில் வரும் இச்சொல்லுக்கு உரைகாண்பதில் அறிஞர் மாறுபட்டனர். கூடு என்பது ஒருசாரார் கொள்கை. பரிமேலழகர் முட்டை எனக் கொண்டார். முட்டையும் உள்ளிருக்குங் கருவும் ஒருங்கே தோன்றுவன, கூடு அத்தகையதன்று, ஆதலின் உடம்புக்கும் உயிருக்கும் முட்டையே ஏற்ற உவமை என்பது அவர் கருத்து. சங்க நூல்களில் இச்சொல் கூடு என்னும் பொருளிலேயே பெரிதும் வருதலின், முன்னையோர் கொள்கையும் எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. முட்டையை விட்டு நீங்கும் குஞ்சுக்கு அப்பொழுது பறக்கும் ஆற்றல் இல்லை என்பதும் பரிமேலழகர் உரைக்கு ஒரு தடையே. அஃது எவ்வாறாயினும், ஒரு சொல் இரு பொருளுக்கும் இடந்தந்தமை எதனால்? குடம், குடவு, குடங்கை என்பவற்றில் வரும் வேர் வளைவையும் உட்குழிவையும் உணர்த்துவது. வளைந்து உட்குழிந்து உயிரைத் தாங்குவது எதுவோ அது குடம்பை. கூடும் அத்தகையது, முட்டையும் அத்தகையது. இங்கே வடிவம் முன்னிற்கின்றது, பொருள் பின்னிற்கின்றது. முட்டை என்னுஞ் சொல்லில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு.

வடமொழி அண்டம் என்னுஞ் சொல்லின் வரலாறு இன்னும் விரிந்தது. முட்டையைக் குறித்த சிறுசொல் பேருலகைக் குறிக்கலாயிற்று. சாந்தோக்கிய உபநிடதம், ஆதியில் தோன்றிய ஒரு முட்டை ஓராண்டு கிடந்து பின் இரண்டாகப் பிளந்ததாகவும், வெள்ளி ஓடு நிலமாகவும் பொன் ஓடு வானாகவும் ஆயினவாகவும், அதனின்று ஞாயிறு பிறந்ததாகவும் கூறும். ஞாயிற்றுக்கு வழங்கும் மார்த்தாண்டன் என்னும் பெயரிலும் அண்டம் என்னுஞ் சொல் மறைந்து நிற்கின்றது. புராணங்களிற் பிரமனின் முட்டை பிரமாண்டமாயிற்று. இன்று சுவரொட்டிகளில் 'பிரமாண்டமான' என்னும் அடைமொழியைக் காண்போர், ஒரு முட்டையைப் புகழ்கின்றோம் என எண்ணுவதில்லை.

இவ்வண்டம் எவ்வடிவினது? மணிவாசகரின் திருவண்டப்பகுதி அண்டங்களை உண்டை என்னுஞ் சொல்லோடு சேர்த்துக் கூறும். உண்டையாவது உருண்டை. மேலே கவிந்த வானம் அரைக்கோளமாகத் தோன்றுதலின், பிளந்த ஓடுகள் உருண்டையின் இருபாதிகளாகவே கருதப்பட்டிருத்தல் வேண்டும். பௌத்தர் தூபியின் கவிந்த பகுதிக்கும் அண்டம் என்றே பெயர். சாஞ்சியில் அது அரைக்கோளம். இலங்கைத் தூபிகளின் வடிவங்களை மரபு ஆறாக வகுத்துள்ளது: மணி, குடம், நீர்க்குமிழி, நெற்குவியல், தாமரை, நெல்லிக்கனி. உறுப்பின் பெயரே அண்டமாயிருந்தும், அதன் வடிவைக் கூறப்புகுந்த சிற்பநூலார் இவ்வாறனுள் முட்டையைச் சேர்க்கவில்லை. பெயர் கருத்தை நோக்கியது. உவமை கண்ணை நோக்கியது. இரண்டும் வெவ்வேறு என்பதைச் சிற்பியர் நன்குணர்ந்திருந்தனர்.

முட்டையை வடிவுக்கு உவமையாக்க வேண்டிய இடத்தில் அவர்கள் செய்ததோ மிக நேர்த்தியானது. சிவலிங்கத்தின் உச்சியை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதற்கு ஆகம, சிற்ப நூல்கள் ஐந்து வடிவங்களை விதிக்கின்றன. குடை, வெள்ளரி, பிறை, நீர்க்குமிழி என்பன நான்கு. ஐந்தாவது 'குக்குடாண்டம்', அதாவது கோழிமுட்டை. வெறுமனே அண்டம் எனக் கூறாது, கோழியின் அண்டம் என வரைந்துரைத்தமை நோக்கற்பாலது. திருமுகத்தின் வடிவுக்கும் சிற்பமரபு இதே உவமையைக் கூறுவதை, இந்தியச் சிற்பங்களின் உறுப்பிலக்கணம் பற்றி 1914 ஆம் ஆண்டில் எழுதிய அபனீந்திரநாத தாகூர் எடுத்துக்காட்டினார். உளியைக் கையிலேந்தியவனுக்கு 'எம்முட்டை?' என்பது வெறும் சொல்வழக்கன்று. ஒரு விரலளவு மிகினும் குறையினும் கல் கெட்டுவிடும். ஆதலின் அவன் நூல் கோழி என்னும் அடையைச் சேர்த்தே கூறிற்று. அவ்வடையைப் பிற்காலத்துப் பாடநூல்கள் விட்டமைதான் இம்மயக்கத்திற்கு வழிவகுத்தது.

மேனாட்டில் இதே மயக்கம் கணித வரலாற்றின் திருப்பம் ஒன்றில் வந்து நின்றது. கூம்பு ஒன்றைச் சாய்வாக வெட்டுங்கால் தோன்றும் மூடிய வளைகோட்டைக் கிரேக்கர் முதலிற் கேடயத்தின் பெயராற் சுட்டினர். யூக்கிளிட்டின் நூலொன்றில் அப்பெயர் காணப்படுகின்றது. பின்னர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அப்பொலோனியஸ் அதற்கு 'எல்லெயிப்சிஸ்' எனப் பெயரிட்டார். குறைவுபடுதல் என்பது அதன் பொருள். ஒரு பரப்பினை ஒரு கோட்டின்மீது பொருத்துங்கால் அது குறைந்து நிற்பதைக் கருதி இட்ட பெயர் அது. வடிவத்தைக் கண்ணால் கண்டு இட்டதன்று. கணக்கால் அறிந்து இட்டது. அப்பெயரில் முட்டையும் இல்லை, கேடயமும் இல்லை. ஆங்கிலத்தார் எலிப்சு என வழங்குவதும் இதனையே.

1525 ஆம் ஆண்டில், செருமானிய ஓவியர் டியூரர் அளவைக்கலை பற்றிய தம் நூலில் இதே வெட்டுமுகத்தை வரைந்தார். கூம்பு கீழே செல்லச் செல்ல அகலுகின்றது. ஆகவே வெட்டுமுகத்தின் கீழ்ப்பாகம் மேற்பாகத்தினும் பருத்தே இருத்தல் வேண்டும் என அவர் கொண்டார். தம் மொழியில் அதனை முட்டைக்கோடு எனப் பெயரிட்டார். நிகரற்ற கைவன்மை உடைய அவ்வோவியர் கோட்டைப் பிழையாக வரைந்தார். கூம்பின் அச்சு வெட்டுமுகத்தின் நடுப்புள்ளி வழியே செல்லுகின்றது என எண்ணியதே பிழை. அச்சு மேல்முனைக்கு அணித்தாகவே வெட்டுமுகத்தைத் துளைக்கும். நடுப்புள்ளி அதற்குக் கீழே விலகி நிற்கும். அந்நடுவினின்று நோக்கின் மேலும் கீழும் முற்றும் ஒத்தனவே. டியூரரின் கையைப் பிழைக்கச் செய்தது முட்டை என்னும் சொல்லா, அன்றிப் பிழைத்த கையே அச்சொல்லைத் தேடிற்றா என்பது அவரவர் தீர்ப்புக்கு உரியது.

எண்பது ஆண்டுகளின் பின் கெப்ளர் செவ்வாயின் பாதையோடு மல்லாடினார். தைக்கோ பிராகேயின் நோக்கல்கள் வட்டத்திற்கு அடங்கவில்லை. எட்டுக் கலையளவு வேறுபாடு எஞ்சிற்று. ஒரு பாகையின் அறுபதிலொரு கூறே கலை. பிறராயின் அவ்வேறுபாட்டைக் கண்டும் காணாது விட்டிருப்பர். கெப்ளர் விடவில்லை. வட்டத்தைக் கைவிட்டு அவர் அடுத்துச் சென்றது முட்டைக்கு. ஞாயிற்றுக்குச் சேய்மையிற் பருத்தும் அண்மையிற் சிறுத்தும் நிற்கும் உண்மையான முட்டையே அப்பாதை என அவர் கருதினார். அவ்விடத்தில், கைவினைஞர் இருமுனை ஒத்த வளைகோட்டுக்கும் முட்டையின் பெயரைத் தவறாக இடுகின்றனர் என்றும், முட்டையின் ஒருமுனை மழுங்கியது மறுமுனை கூரியது என்றும் அவர் குறித்துள்ளமை வியக்கத்தக்கது. இன்று தமிழிற் கூறவேண்டிய கண்டனத்தை அவர் இலத்தீனிலே கூறிவிட்டார். முட்டையின் பரப்பைக் கணிக்க வழியின்றித் தவித்து, 1603 ஆம் ஆண்டில் நண்பர் பப்ரீசியசுக்கு எழுதிய மடலில், பாதை நீள்வளையமாக மட்டும் இருந்திருப்பின் ஆர்க்கிமிடிசும் அப்பொலோனியசும் எழுதியவையே தமக்குப் போதுமாயிருக்கும் என ஏங்கினார். கணிப்புக்குத் துணையாக நீள்வளையம் ஒன்றையே மேசைமீது வைத்துக்கொண்டு, அதனை உண்மையெனக் காணாது முட்டையைத் தேடினார். 1605 இலேதான் அத்துணைக்கோடே செவ்வாயின் பாதை என்பது அவருக்குத் தெளிந்தது; 1609 இல் 'புதிய வானியல்' வெளிவந்தது. முட்டைக்கும் நீள்வளையத்துக்கும் இடையிலுள்ள தூரம், ஒரு பேரறிஞரின் வாழ்வில் ஏறத்தாழ ஈராண்டுத் தூரம்.

அவ்வீராண்டு உழைப்பின் பயனை, பாடநூலில் வரும் 'முட்டை வடிவப் பாதை' என்னும் தொடர் ஒரு வரியில் அழித்துவிடுகின்றது. அது இருவகையாற் பிழை. பாதை முட்டையன்று என்பது ஒன்று. மற்றையது அதன் அளவு. பூமியின் பாதையினது மையவகற்சி ஏறத்தாழ 0.0167. நெட்டச்சு 10 சென்ரிமீற்றராகத் தாளில் அதனை வரைந்தால், சிற்றச்சு அதனினுங் குறைவது 0.014 மில்லிமீற்றரே. கூரிய பென்சிலின் கோட்டுத்தடிப்பு இதனினும் பன்மடங்கு. செவ்வாயின் பாதையிலும், அதே அளவான படத்தில், இக்குறைவு அரை மில்லிமீற்றரை எட்டாது. கண்ணுக்கு அவை வட்டங்களே. புலப்படும் வேறுபாடு, ஞாயிறு நடுவில் நில்லாது குவியத்தில் நிற்பதனால் விளைவது. பூமி சனவரித் தொடக்கத்தில் ஞாயிற்றிலிருந்து ஏறத்தாழ 147 மில்லியன் கிலோமீற்றரிலும், யூலைத் தொடக்கத்தில் 152 மில்லியன் கிலோமீற்றரிலும் நிற்கின்றது. கோழிமுட்டையை வரைந்து நடுவில் ஞாயிற்றை வைத்த மாணவனுக்கு, ஆண்டில் இருமுறை அண்மையும் இருமுறை சேய்மையும் வருதல் வேண்டும்! பருவகாலங்களுக்கும் அதையே காரணமாகக் காட்டத் துணிந்தால் அவன் மேலும் வழிதவறுவான்.

ஆயின் எலிப்சு என்பதற்கு எச்சொல் தக்கது? தமிழகத்தார் நீள்வட்டம் என்பர். இலங்கை நூல்கள் நீள்வளையம் என வழங்குகின்றன. வட்டம் என்பது நடுப்புள்ளியிலிருந்து எப்பக்கமும் ஒத்த தூரமுடையது என வரையறுத்த பின்னர், நீண்ட வட்டம் என்றல், நீண்ட சதுரம் என்றாற்போல் முரணுடைத்து. வட்டமுகம், வட்டில் என வருமிடங்களில் வட்டம் என்பது வளைவை மட்டுமே குறித்த பொதுச்சொல் என நீள்வட்டத்தார் விடைகூறுவர். அவ்விடையில் உண்மை உண்டு. ஆனால் கணித வகுப்பிற்குள் அப்பொதுமை செல்லாது. வளையம் என்பதோ வரைவிலக்கணத்தாற் கட்டுண்ணாத சொல். கையால் அழுத்த நீளக்கூடிய பொருளொன்றின் பெயர். இவ்வொன்றில் இலங்கை வழக்கே விஞ்சி நிற்கின்றது. எனினும் இரண்டும் முட்டையைத் தவிர்த்தன என்பதே அவற்றின் பொதுச்சிறப்பு.

முட்டையுரு என்னும் தொடர்க்கு ஒரு தடை கூறப்படலாம். உவமவியல் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுக்கும். அங்கே மெய் என்பது வடிவு எனவும், உரு என்பது நிறம் எனவும் உரைகாரர் கொண்டனர். அதன்படி முட்டையுரு என்றால் முட்டை நிறத்தது எனப் பொருள்படும் அன்றோ எனின், அத்தடைக்கு விடை முன்கூறிய ஆமை முட்டைப் பாட்டிலேயே உண்டு. வட்டின் வடிவைக் கூறுமிடத்து அப்புலவர் ஆண்டது உரு என்னுஞ் சொல்லையே. நிறமும் வடிவும் ஆகிய இருபொருளும் அச்சொல்லுக்கு அன்றே இருந்தன. வடிவம் என்பது பெருவழக்காதலின் அதனை விரும்புவார் அவ்வாறே வழங்குக. பொருட்பிழை நேர்வது அங்கேயன்று.

இத்தொடர் தனக்குரிய இடத்தில் அமைந்து சிறத்தலைக் காணவேண்டின் தாவரவியலிற் காணலாம். இலைகளின் வடிவைக் கூறுவோர், காம்பின் பக்கம் அகன்று நுனிநோக்கிச் சிறுத்த இலையை முட்டையுருவானது என்பர். கோயில் வீதிகளில் விழுதூன்றி நிற்கும் ஆலின் இலைகளிற் பல அத்தகையன. நுனிப்பக்கம் அகன்று காம்பை நோக்கிச் சிறுத்ததைத் தலைகீழ் முட்டையுரு என்பர். கடற்கரைகளிலும் பாடசாலை வளவுகளிலும் நிழல்தரும் நாட்டு வாதுமையின் இலை அதற்கு எடுத்துக்காட்டு. இருமுனையும் ஒத்த இலைக்கு நீள்வளையவுரு எனப் பிறிதொரு பெயர் வைத்தனர். அதற்குத் தலைகீழ் என்னும் அடை என்றும் வேண்டியதில்லை. ஒரு வடிவத்திற்கு முட்டையின் பெயர் பொருந்துமா என்பதற்கு இதனினும் எளிய சோதனை இல்லை. ஆலிலையையும் வாதுமை இலையையும் அருகருகே வைத்து, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கும் மாணவன் அதனை ஒரு நொடியில் அறிந்துகொள்வான்.